துரு மேய்ந்த பூனை

பழனி மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் கூழாங்காட்டில், காப்பித் தோட்டங்களுக்கு இலைத்துரு நோய் வந்து, இலைக்கு அடியில் காவி நிறத்தில் பொடி பூத்து, பூத்த இலையெல்லாம் உதிர்ந்து, செடிகள் குச்சி குச்சியாய் நின்ற ஓர் ஐப்பசி மாதத்தில், காலை மூடுபனி இன்னும் விலகாத நேரத்தில், குருநாதன் தோட்டத்து வேலிக்கு அடியில் ஒரு காட்டுப்பூனை நுழைந்து செடிக்குச் செடி உரசிக்கொண்டே நடந்தது. அது உரசிய செடியின் துருவெல்லாம் இலையை விட்டு இறங்கி அதன் முதுகில் ஏறிக்கொண்டது. கீழேயிருந்து ஜீப்பில் கூலிக்கு வந்து களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பூனை அடுத்த வரிசைக்குப் போனதும் ஒருத்தி எழுந்துபோய் ஓர் இலையைத் திருப்பினாள். அடிப்புறம் கழுவி அடுக்கிய வெற்றிலை போல இருந்தது. "துரு போயிருச்சுடி" என்றாள். "போனாப் போகுது, இந்த வரிசைய முடி, கஞ்சி நேரமாச்சு" என்றாள் இன்னொருத்தி.

அந்தப் பூனை ஒன்றும் ஊருக்குப் புதிதில்லை. வீட்டுப்பூனையில் பாதிதான் இருக்கும். சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளைக் கோடுகள், விலாவில் வரிசை வரிசையாய்த் துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள். பிறவியிலேயே அப்படிப் புள்ளி போட்ட சாதி என்பதால், தாய் கொடுத்த புள்ளி எது, குருநாதன் தோட்டம் கொடுத்த புள்ளி எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. எல்லாருக்கும் இருந்த கவலை, அது ஏன் குருநாதன் தோட்டத்துக்குப் போனது, நம் தோட்டத்துக்கு ஏன் வரவில்லை என்பதுதான்.

கூழாங்காட்டில் காப்பிச்செடி இல்லாத வீடு கிடையாது. டீக்கடைக்காரனுக்கும் கடைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. ஆகவே ஊரே பூனைக்கு விருந்து வைக்கக் கிளம்பியது. வேலியில் கருவாடு கட்டினார்கள், கோழிக்குஞ்சை நூலில் கட்டி விட்டார்கள், காப்பிக்கு நிழல் கொடுக்கும் மரத்தடியில் சட்டியில் எலி பிடித்து வைத்தவர்கள்கூட உண்டு. துருவுக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் விற்று, மருந்தடிக்கிற மிஷினை வாடகைக்கு விடுகிற செவத்தியான் மட்டும் கடை வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவனும் தன் தோட்டத்தில் ஒரு நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டான். பூனை யார் மனசையும் நோகடிக்கவில்லை. இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று போய், துருவை மேய்ந்து, பச்சையை விட்டுவிட்டுப் போனது.

ஆனால் அது எதையும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. எந்தத் தோட்டத்தில் துருவை எடுத்ததோ அந்தத் தோட்டத்தில் தன் நடையை விட்டுவிட்டுப் போனது. குருநாதன் இட்லிக்கு உட்கார்ந்தவர் முதல் வாயிலேயே எழுந்துவிட்டார், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்தார், அவர் மனைவி சட்னிக் கிண்ணத்தோடு பின்னால் நடந்தாள், பிறகு அவளாலும் நிற்க முடியாமல் போய் அவள் முன்னாலும் அவர் பின்னாலுமாக நடந்தார்கள். அடுத்தடுத்த வீடுகளிலும் அப்படியே ஆனது. பட்டா குருநாதனின் அண்ணன் பேரில் இருந்தது. கோயம்புத்தூரில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பார்க்கப் போனால் மனுசனுக்கு எதுவும் பழகிவிடும். டீக்கடை பெஞ்சுகள் தாழ்வாரத்தில் கவிழ்ந்து கிடந்தன, டீயை நடக்கிறவன் கையில் கொடுத்து, அவன் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது கிளாஸைத் திரும்ப வாங்கினார்கள். சவரம் செய்கிறவர் பின்னோக்கி நடந்தபடியே சவரம் செய்யக் கற்றுக்கொண்டார். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறியவர்கள் முன்வாசலில் ஏறிப் பின்வாசலுக்கு நடந்து, மறுபடி முன்வாசலுக்கு நடந்து, ஊர் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸைவிட அதிக தூரம் நடந்திருந்தார்கள். கண்டக்டர் மட்டும் நிம்மதியாக சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கீழேயிருந்து வந்த சாமியார், சனங்கள் முழங்காலில் நிற்காமல் மாதா கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, இவ்வளவு பக்தியா என்று கண்கலங்கினார். படுத்தால் கண் மூடியது, ஆனால் கால் மட்டும் பாயில் நடந்துகொண்டே இருந்தது. கீழேயிருந்து வந்த கூலியாட்கள் இந்த வம்பே வேண்டாமென்று வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள்.

ஊரிலேயே பூனை போகாத தோட்டம் ஒன்றுதான் மிச்சம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தவசியின் தோட்டம். தவசியின் தோட்டம் என்று பேர்தான். அவர் படுத்து வருஷக்கணக்காகிறது. செடிக்கு நிழல் அதிகமென்று கொப்புக் கழிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் கொப்போடு சேர்ந்து கீழே வந்தார், இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்ப வரவில்லை. அவர் மனைவி விருமாயிதான் விடிந்ததும் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, தோட்டத்துக்குப் போய்க் களையெடுத்து, கவாத்து வெட்டி, பழம் பறித்து, சாயங்காலம் வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். அந்த உட்காரல்தான் இரண்டு பேருக்கும் அன்றைய நாளின் கூலி. அவர் பேசுவார், இவள் காப்பிக்கொட்டையில் கறுப்பைப் பொறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"ஏ விருமா, இன்னைக்கு ஊருல என்ன கூத்து?" என்று கேட்டார் ஒரு சாயங்காலம்.

"செவத்தியானுக்கும் கால் வந்துருச்சு. கடைக்குள்ள இருக்க முடியாம கடையைச் சுத்தி நடந்துகிட்டே ஏவாரம் பண்றாரு."

தவசி சிரித்தார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது, கால் குலுங்கவில்லை. விருமாயி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே வேண்டாத ஒன்று அங்கே ஓடைக்கு அக்கரையில் எல்லார் வீட்டிலும் இறைந்து கிடக்கிறதே, அதில் ஒரு பிடி இந்தக் காலுக்கு வந்தால் போதாதா என்று நினைத்துக்கொண்டாள்.

"நம்ம தோட்டத்துக்கும் அந்தப் பூனை வரணுங்க" என்றாள்.

"இலை பச்சையாகணும்னா?"

"ஆமா, பின்ன எதுக்கு?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோட்டத்தில்தான் துரு ஊரிலேயே மோசம். செடியைத் தொட்டால் கை காவியாகும். அது அவளுக்கு இப்போது ஒரு பொருட்டே இல்லை. அது அவர் தோட்டம், ஒவ்வொரு நாற்றும் அவர் கையால் குழிவெட்டி வைத்தது, ஆகவே பூனை வந்தால் நடை அவருக்குத்தான் வரும், வந்தே தீரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முட்டையிடுகிற தன் ஒரே கோழியைக் கொண்டுபோய் ஓடைக்கரையில் கட்டினாள். பூனை ஓடை வரைக்கும் வரும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். அக்கரையில் அவ்வளவு நெத்திலி கிடக்கும்போது அது ஏன் காலை நனைக்கப் போகிறது?

இதற்குள் ஊருக்குப் பொறுமை போய்விட்டது. இலை பச்சையாகி என்ன, பழத்தைப் பறிக்க நின்றால்தானே ஆச்சு? கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு செடியைக் கடக்கும்போது கைக்கு அகப்பட்டதைப் பறித்தார்கள், பழுத்ததும் காயும் கலந்து வந்தது. ஒருநாள் காலையில் காப்பி காயப்போடும் களத்தில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால், எல்லாரும் களத்தைச் சுற்றி நடப்பது. குருநாதன் முன்னால் நடந்ததால் அவர்தான் தலைவர்.

"பூனையும் துருவும் ஒரே சாதிதான்யா" என்றார் அவர். "ரெண்டும் மூடுபனியில வரும். ரெண்டும் அடிப்பக்கமாத்தான் நுழையும். வர்ற சத்தம் கேக்காது. தொட்டுப் பாரு, ரெண்டுலயும் கையில பொடி ஒட்டும். இலையில இருந்தா துரு, தோலுல இருந்தா பூனை, அவ்வளவுதான்."

"அதெப்படிண்ணே?" என்று செவத்தியான் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான். "துருவுக்கு ஏது கால்? காத்து தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு. உக்காந்த இலையத் தின்னு, அங்கனயே பெருகி, இலையோட சேந்து விழுந்து சாகும். பூனை தின்ன இடத்துல தங்குமா? பெத்த குட்டியவே வாயில கவ்விக்கிட்டு எடம் மாத்தும். ஒண்ணு எந்திரிக்காது, ஒண்ணு உக்காராது. இது ரெண்டும் எப்படிச் சாதிசனமாகும்?"

"அப்ப ரெண்டும் சேந்தா என்னடா ஆகும்?"

"என்ன ஆகும்? களத்தைச் சுத்திச் சுத்தி வருவோம், எங்கயும் போய்ச் சேர மாட்டோம். நம்மளயே பாருங்களேன்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு சுற்று நடந்தார்கள். அந்தச் சுற்றில்தான் முடிவு பிறந்தது. காப்பிக்காரனுக்குத் துரு என்றால் மருந்து ஒன்றுதான் தெரியும். அப்பன் காலத்திலிருந்து அதைத்தான் அடிக்கிறார்கள். துரு இலையில் இருந்தால் என்ன, பூனை மேல் இருந்தால் என்ன, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தால் துரு செத்துவிடும், துரு செத்தால் பூனை வெறும் பூனையாகிவிடும், பூனை வெறும் பூனையானால் தன் நடையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செவத்தியானுக்கு இன்னும் நன்றாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பூனையைச் சுற்றி வளைக்கலாம், ஆனால் நின்று பிடிக்க ஆள் வேண்டுமே. அப்போதுதான் ஊருக்கு விருமாயி ஞாபகம் வந்தது. குருநாதனே ஓடையைத் தாண்டி வந்தார். அவள் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசினார்.

"தங்கச்சி, ஊருக்குள்ள நிக்கத் தெரிஞ்ச ஆளு இப்ப நீ ஒருத்திதான். அதை நாங்க ஓடைப் பக்கமாத் தெரத்திட்டு வாறோம். நீ வலையப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னாப் போதும். ஊருக்காகச் செய்யி."

"சரிண்ணே" என்றாள் விருமாயி. வேறென்ன சொல்வாள்? அவர் கண்ணுக்கடியில் கருவளையம், உள்ளங்காலில் துணி சுற்றியிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் மூடுபனியோடு மூடுபனியாக ஊர் திரண்டது. பிளாஸ்டிக் டிரம்மில் மயில்துத்தத்தைக் கரைத்து, சுண்ணாம்புப் பாலை ஊற்றி, டிரம்மைச் சுற்றி நடந்தபடியே கலக்கினார்கள். கருக்கரிவாளை உள்ளே முக்கி எடுத்து, இரும்பில் செம்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்ததால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விட்டார்கள். ஒரு பூனைக்கு அடிக்க இவ்வளவு பக்குவம் பார்த்தது இந்த உலகத்திலேயே கூழாங்காடு ஒன்றாகத்தான் இருக்கும். மிஷின்களை முதுகில் மாட்டிக்கொண்டு குருநாதன் தோட்டத்தில் பூனையைச் சுற்றி வளைத்தார்கள். துருவுக்கு மருந்தை இலையின் அடிப்புறம்தான் அடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் பூனையின் வயிற்றைக் குறிபார்த்தார்கள். பூனை மல்லாந்து காட்டவில்லை. வளைத்து நின்றவர்களாலும் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, ஆளாளுக்கு நடந்ததில் வட்டம் நெளிந்தது, குருநாதன் மருந்து செவத்தியான் வேட்டியில், செவத்தியான் மருந்து குருநாதன் மீசையில். வாலில் மட்டும் கொஞ்சம் நீலம் பட்ட பூனை, இரண்டு பேர் விலகிய சந்தில் பாய்ந்து ஓடைப் பக்கம் ஓடியது.

அங்கே விருமாயி வலையோடு நின்றாள். மூடுபனியில் அது வந்ததை அவள் முதலில் பார்க்கவில்லை. பார்த்தபோது ஓடைக்கல்லின் மேல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை தோட்டத்துத் துருவும் ஏறியதில் புள்ளியோடு புள்ளி சேர்ந்து உடம்பு முழுவதும் காவியாகியிருந்தது, மூச்சு வாங்கும்போதெல்லாம் மேலேயிருந்து மெல்லப் பொடி பறந்தது. துருவா பூனையா என்று ஊரே மல்லுக்கட்டியதே, பக்கத்தில் பார்த்தால் அது ஒரு களைத்துப்போன உயிர், அவ்வளவுதான். பின்னால் ஊர் கத்திக்கொண்டு வருவது கேட்டது. வலையைப் போட்டால் ஊர் உட்காரும். வலையைத் தூக்கினால் தவசி எழுந்திருப்பார். குருநாதனின் உள்ளங்கால் துணி அவள் கண்முன் வந்தது, அதைவிடப் பெரியதாகத் தவசியின் அசையாத கால் வந்தது. தான் செய்யப்போவது பாவம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் வலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள்.

பூனை ஓடையைத் தாண்டி அவள் காலுக்கிடையில் புகுந்து அவள் தோட்டத்துக்குள் போனது. அவசரப்படவில்லை. செடிக்குச் செடி உரசி, வரிசைக்கு வரிசை திரும்பி, தவசி வைத்த ஒவ்வொரு செடியின் துருவையும் வாங்கிக்கொண்டு, மேல் வேலியைத் தாண்டிச் சோலைக்காட்டுக்குள் ஏறியது. அதற்குப் பிறகு அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. கரைக்கு வந்துசேர்ந்த ஊர் விருமாயியைத் திட்டியது. வாயில் வந்ததையெல்லாம் திட்டியது. ஆனால் நடந்துகொண்டே திட்டியதால் பாதி வசவு அவள் காதுக்கு வராமல் ஓடையோடு போனது. மிச்சப் பாதியையும் அவள் கேட்கவில்லை. வலையைக் கீழே எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

தவசி படுத்திருந்தார்.

"என்னா, இப்படி இரைக்குது உனக்கு?"

"கால அசைங்க."

"என்னது?"

"அசைங்கன்னா அசைங்க. துரு போயிருச்சு. ஒரு இலை விடாம போயிருச்சு, நான் கண்ணால பாத்தேன். எந்திரிங்க." போர்வையை விலக்கி அவர் பாதத்தைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. பெருவிரலை ஆட்டினாள், அவள் ஆட்டியதால் ஆடியது, விட்டதும் நின்றது. கொஞ்ச நேரம் ஆகும்போல என்று நினைத்து அவர் பக்கத்தில் உட்காரப் போனாள். முட்டி மடங்கவில்லை. மறுபடி உட்காரப் பார்த்தாள். கால் அவளை எழுப்பிச் சுவர் வரைக்கும் கூட்டிப்போனது, சுவரிலிருந்து கதவுக்குக் கூட்டிப்போனது, கதவிலிருந்து திரும்பக் கட்டிலுக்குக் கூட்டிவந்தது.

என்ன நடந்தது என்று புரிந்ததும் விருமாயி அழுதாள். தலையில் அடித்துக்கொண்டு, நடந்துகொண்டே அழுதாள். "உங்க தோட்டந்தானே? நீங்க வச்சதுதானே அம்புட்டும்? எனக்கு எதுக்கு வரணும் இது? எனக்கு எதுக்கு?"

தவசி அவள் நடப்பதை, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிறுக்கச்சி" என்றார் கடைசியில், மெதுவாக. "நான் அந்தத் தோட்டத்தை எப்பவோ விட்டுட்டேன் விருமா. எந்தச் செடி எங்க நிக்குதுன்னுகூட எனக்கு மறந்துபோச்சு. அது உன் தோட்டம். உனக்குத்தான் அது தெரியல."

அந்த வார்த்தை அவளை எங்கோ அடித்தது, ஆனால் நின்று வலிக்கக்கூட முடியவில்லை. சாயங்காலம் வந்தது. உட்கார்ந்து கேட்க ஆளில்லாமல் அவருக்கும் பேச்சு ஓடவில்லை. இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவள் வாசலுக்குப் போய்விடுவாள், மிச்சத்தைத் திரும்பி வரும்போது சொல்வார். இனிமேல் இப்படித்தான் என்று நினைத்தபோது இருவருக்கும் பயமாக இருந்தது.

காலையில் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, கட்டிலைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு தடவை வரும்போது குனிந்து அவர் முதுகுக்குப் பின்னால் கம்பளியைக் கொடுத்தாள். அடுத்த தடவை வரும்போது அவர் கையைத் தன் கழுத்தில் போட்டாள். அதற்கடுத்த தடவை வரும்போது அவரைத் தூக்கி முதுகில் வைத்து, கம்பளியின் இரண்டு முனையையும் நெஞ்சில் இறுக்கி முடிந்துகொண்டாள். படுத்துப் படுத்து அவர் ஒரு மூட்டைக் காப்பிக்கும் குறைவாகத்தான் இருந்தார்.

"ஏ, என்ன பண்ற? கீழ போட்டுறாத."

"வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள். கால் எப்படியும் போகத்தான் போகிறது.

வாசலைத் தாண்டினார்கள். வெயில் முகத்தில் விழுந்ததும் அவர் மூச்சு அவள் கழுத்தில் சூடாக இறங்கியது. சரிவில் செடிகள் பச்சையாய் நின்றன, குச்சியாய்ப் போனதில்கூடக் கணுவுக்குக் கணு இலை முளைவிட்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் தவசிக்கு வாய் வந்துவிட்டது. "யாரு இப்படிக் கவாத்து வெட்டினது? நீயா? இம்புட்டு ஒட்டவா வெட்டுவாக?" என்றார். "இங்க நிழல் பத்தாது" என்றார். "அங்கிட்டுப் போ" என்றார், அவள் அங்கிட்டுப் போனாள். "இங்கிட்டு" என்றார், இங்கிட்டு வந்தாள். கண்ணில் நீர் வழிய வழிய அவருக்கு வசவு சொல்லிக்கொண்டே நடந்தாள், அக்கரையில் ஊர் நடந்துகொண்டிருந்தது, இக்கரையில் இவர்கள் நடந்தார்கள்.

மேல் வேலியோரம் ஒரு செடி பருவம் தப்பிப் பூத்திருந்தது. கொப்பு முழுக்க வெள்ளை, வாசனை வழி வரைக்கும் வந்தது. தவசி அவள் தோளை அழுத்திப் பிடித்தார்.

"நில்லு விருமா" என்றார். "கொஞ்சம் நில்லு. இதைப் பாத்துக்கிறேன்."

அவளால் நிற்க முடியவில்லை. ஆகவே அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.